மகப்பேறு விடுப்பும் பணியிடத்தில் தாய்ப்பாலும்: கொங்கு நாட்டுப் பெண் மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஈரோடு பெருந்துறைச் சாலையில் ஒரு நர்சிங் ஹோமில் டியூட்டி டாக்டராக இருப்பவரும், தாராபுரம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உதவி மருத்துவராக இருப்பவரும், கோவையில் முதுநிலை படித்துக்கொண்டிருப்பவரும் ஒரே மாதத்தில் கருவுற்றிருந்தால், மூவருக்கும் கிடைக்கும் விடுப்பு ஒரே அளவாக இராது. ஆனால் பணிக்குத் திரும்பும் முதல் நாள் காலை பத்தரை மணிக்கு மூவரும் சந்திக்கும் சிக்கல் ஒன்றே. மார்பில் பால் கட்டத் தொடங்கியிருக்கும், ஓ.பி. வரிசை வாசல் வரை நிற்கும், பாலைப் பீய்ச்சி எடுக்க ஓர் அறையும் இருபது நிமிடமும் எங்கே கிடைக்கும் என்று அதுவரை யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்று வார்டில் நாள்தோறும் சொல்லும் மருத்துவர், தம் குழந்தைக்கு நான்காம் மாதத்திலேயே பவுடர் பாலைத் தொடங்க நேர்வதைக் குழந்தை மருத்துவராகப் பல முறை பார்த்திருக்கிறேன். அவர்களில் எவரும் அறியாமையால் நிறுத்தியவர் இல்லை. விடுப்பில் போகும் முன்பே திரும்பி வரும் நாளைத் திட்டமிட்டு, அதை எழுத்தில் வாங்கி வைத்திருந்தால் பெரும்பாலோர் தொடர்ந்திருக்க முடியும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நியமன ஆணையை எடுத்துப் படியுங்கள்

நீங்கள் எந்த வகைப் பணியாளர் என்பது உங்கள் நியமன ஆணையில் இருக்கிறது. உடன் படித்தவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டுக்கொண்டு விண்ணப்பிப்பவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள்.

தமிழ்நாடு அரசுப் பணியில் முறையாக நியமிக்கப்பட்டவர் என்றால் உங்கள் நிலை மற்றவர்களைவிட வலுவானது. உயிருடன் உள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருக்கும் திருமணமான பெண் அரசு ஊழியருக்கு, 2021 ஜூலை 1 முதல், முழு ஊதியத்துடன் பன்னிரண்டு மாத மகப்பேறு விடுப்பு உண்டு. அதற்கு முன் அது ஒன்பது மாதமாக இருந்தது. புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள் தகுதிகாண் பருவம் தள்ளிப்போய்விடும், பணிமூப்பில் பின்தங்கிவிடுவோம் என்று அஞ்சியே விடுப்பைச் சுருக்கிக்கொள்வது உண்டு. மகப்பேறு விடுப்புக் காலத்தையும் தகுதிகாண் பருவத்தில் கணக்கிட்டுக்கொள்வதாக அரசு 2025 ஏப்ரலில் அறிவித்துவிட்டதால், அந்த அச்சத்திற்கு இப்போது இடமில்லை. மூன்றாவது குழந்தை என்ற காரணம் காட்டி மறுக்கப்பட்டவர்கள், தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் மறுமணத்திற்குப் பின் பிறந்த குழந்தைக்காகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே 23 அன்று அளித்த தீர்ப்பைத் தங்கள் மனுவில் குறிப்பிடலாம். மகப்பேறு விடுப்பு என்பது பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் ஒரு பகுதி என்று அத்தீர்ப்பு சொல்கிறது.

தனியார் மருத்துவமனையில் சம்பளம் பெறுபவருக்கு, 2017-இல் திருத்தப்பட்ட 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் விதிகள் பொருந்தின. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அவ்விதிகள் பெரும்பாலும் அப்படியே இடம்பெற்றுள்ளன. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனம் எதுவானாலும் இதற்குக் கட்டுப்பட்டது. இந்த எண்ணிக்கையில் மருத்துவர்கள் மட்டுமல்லாமல் செவிலியர், லேப் டெக்னீஷியன், துப்புரவுப் பணியாளர் எல்லோரும் அடங்குவர். ஆகவே இருபது படுக்கை கொண்ட நர்சிங் ஹோம்கூட "எங்களுக்கு இது பொருந்தாது" என்று சொல்வது அரிதாகவே சரியாக இருக்கும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதில் பிரசவத்திற்கு முன் எடுக்கக்கூடியது அதிக அளவாக எட்டு வாரம். இரண்டு குழந்தைகள் ஏற்கெனவே இருந்தால் 12 வாரம். கருச்சிதைவுக்கு ஆறு வாரம். கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ குறைமாதக் குழந்தையாலோ உடல்நலக் கேடு ஏற்பட்டால் மேலும் ஒரு மாதம் வரை. கர்ப்பத்திற்கான சான்றைக் கொடுத்ததும் பிரசவத்திற்கு முந்தைய காலத்திற்குரிய தொகையை முன்பணமாகவும், பிரசவச் சான்றைக் கொடுத்த 48 மணி நேரத்திற்குள் மீதியையும் மருத்துவமனை தர வேண்டும். திரும்பி வந்து மூன்று மாதம் வேலை பார்த்தால்தான் விடுப்புச் சம்பளம் என்று நிபந்தனை போடுவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தின் ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாய் என்பதால், பெரும்பாலான மருத்துவர்களுக்கு இந்தத் தொகையை நேரடியாகத் தர வேண்டியவர் மருத்துவமனை உரிமையாளரே.

இளம் மருத்துவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில், அந்த நிறுவனத்தில் குறைந்தது 80 நாள் பணி செய்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. எம்.பி.பி.எஸ். முடித்து நீட் முதுநிலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே டியூட்டி பார்ப்பவர்கள், ஐந்தாவது மாதத்தில் மாமியார் ஊருக்குப் பக்கமாக வேறு மருத்துவமனைக்கு மாறுவது நம் பக்கத்தில் சாதாரணமாக நடக்கிறது. மாறுவதற்கு முன் இந்த 80 நாள் புதிய இடத்தில் நிறைவாகுமா என்று காலண்டரை வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். நிறைவாகாது என்றால், முடிந்தவரை பழைய இடத்திலேயே தொடர்வதுதான் நல்லது.

ஒப்பந்தப் பணியில் இருப்பவர்களிடம், ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது, அதனால் விடுப்பும் மார்ச்சோடு சரி என்று சொல்வது வழக்கம். டெல்லியில் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றிய பெண் மருத்துவர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 17 அன்று இதைத் தெளிவாக மறுத்துவிட்டது. விடுப்பின் இடையிலேயே ஒப்பந்தக் காலம் முடிந்தாலும், தகுதி பெற்றவருக்கு முழுக் காலத்திற்கும் உரிய தொகையைத் தர வேண்டும் என்பது அத்தீர்ப்பு. ஒரு மருத்துவரே வாதாடிப் பெற்ற தீர்ப்பு இது என்பதால், நம்மில் ஒப்பந்தப் பணியில் உள்ள ஒவ்வொருவரும் இதன் நகலைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கன்சல்டன்ட் என்ற பெயரில் தொழில்முறைக் கட்டணம் பெறுவோரின் நிலைதான் கவலைக்குரியது. கோவையின் பெரிய மருத்துவமனைகளிலும் சேலம், திருப்பூர் மருத்துவமனைகளிலும் இம்முறை பரவலாக இருக்கிறது. மாதந்தோறும் ஒரே தொகை வரும், கைரேகை வைத்துத்தான் உள்ளே போக வேண்டும், விடுப்புக்கு அனுமதி கேட்க வேண்டும். ஆனால் வருமான வரிக் கணக்கில் அது சம்பளமாக இராது. கர்ப்பம் என்று சொன்னதும் "நீங்கள் ஊழியர் இல்லையே, மேடம்" என்ற பதில் வரும். வேலை நேரத்தையும் விடுப்பையும் மருத்துவமனையே தீர்மானிக்கிறது என்பதைக் காட்டும் ரோஸ்டர் நகல், வருகைப் பதிவு, விடுப்புக்கு அனுமதி கேட்ட மின்னஞ்சல்கள், அடையாள அட்டை ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருந்தால், பெயர் எதுவானாலும் உறவு பணியாளர் உறவே என்று வாதிட வழி உண்டு. ஆனால் அது நீண்ட வழி. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளிலேயே, மகப்பேறு நேர்ந்தால் இத்தனை வாரம், இந்த அடிப்படையில் கட்டணம், திரும்பும்போது இதே ஓ.பி. நாள்கள் என்று ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்லுங்கள். திருமணம் ஆகாதவர்களும் கேட்டு வாங்க வேண்டிய பத்தி இது.

முதுநிலை மாணவியருக்கு, தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் அரசு விதிகளின்படி மகப்பேறு விடுப்பை அனுமதிக்கின்றன. மாணவர்களுக்குத் தந்தையர் விடுப்பையும் அவை குறிப்பிடுகின்றன. அனுமதித்த அளவுக்கு மேல் விடுப்பு நீண்டால் படிப்புக் காலமும் நீளும். ஆகவே துறைத் தலைவரின் வாய்மொழி உறுதியோடு நிறுத்திக்கொள்ளாமல், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள், தேர்வு எழுதும் பருவம், நீட்டிப்புக் காலத்தின் உதவித்தொகை ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு டீன் அலுவலகத்தின் வழியாக எழுத்தில் பதில் பெறுங்கள்.

எப்போது தெரிவிப்பது

மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லக் கூடாது என்பது நம் வீடுகளில் வழக்கம். அந்த வழக்கத்தை மதிக்கிறேன். ஆனால் எக்ஸ்ரே உதவியோடு இதயச் சிகிச்சை செய்யும் கேத் லேபிலோ, சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவியைப் பயன்படுத்தும் எலும்பு அறுவை அரங்கிலோ, ரேடியாலஜியிலோ பணியாற்றுபவர் கருவுற்றது உறுதியான அன்றே பொறுப்பாளரிடம் தெரிவித்துவிட வேண்டும். தெரிவித்த பிறகு மீதிக் கர்ப்ப காலம் முழுவதற்கும் கருவுக்குச் சேரும் கதிர்வீச்சு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. நீங்கள் சொன்னால்தான் அந்த வரம்பு உங்களுக்காக வேலை செய்யத் தொடங்கும். கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை ஈயக் கவச உடையான லெட் ஏப்ரனுக்குள் அணிவதும், முந்தைய அளவீடுகளின் நகலைக் கேட்டு வாங்குவதும் அதோடு சேர்ந்தவை. புற்றுநோய் மருந்துகளைக் கலப்பவர்களும், மயக்க வாயு வெளியேற்றம் சரியில்லாத பழைய அரங்குகளில் நிற்பவர்களும் இதே அவசரத்தோடு பேச வேண்டும். மற்றவர்கள் நான்காம் மாதத்தில் தெரிவித்தாலும் நேரம் போதும்.

நெடுநேரம் நிற்பதைப் பற்றிச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. அறுவை மருத்துவர்களே அதை அதிகம் அறிந்திருப்பதில்லை. எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய ஆறு வாரம், அதற்கும் முந்தைய ஒரு மாதம் ஆகிய காலத்தில், நீங்கள் கேட்டுக்கொண்டால், கடினமான வேலையையோ நெடுநேரம் நிற்க வேண்டிய வேலையையோ உங்களுக்குக் கொடுக்கக் கூடாது. அதற்காகச் சம்பளத்தைக் குறைக்கவும் கூடாது. அந்தப் பத்து வாரத்தில் பெரிய அறுவை சிகிச்சைகளுக்குப் பதில் ஓ.பி., வார்டு ரவுண்டு, ஆவணப் பணிகளைக் கேட்டுப் பெறலாம்.

கடிதம் எளிமையாக இருந்தால் போதும். இப்படி எழுதலாம்: "மதிப்பிற்குரிய மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு. நான் கருவுற்றுள்ளேன். எதிர்பார்க்கும் பிரசவத் தேதியும் அதற்கான மருத்துவச் சான்றும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. இன்ன தேதியிலிருந்து மகப்பேறு விடுப்பில் செல்கிறேன். இன்ன தேதியில் பணிக்குத் திரும்புவேன். விடுப்புக் காலத்தில் வேறெந்த நிறுவனத்திலும் பணியாற்ற மாட்டேன். திரும்பிய பின் குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் தவிர, நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளும் அதற்குரிய தனியிடமும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அந்த இடைவேளைகள் சட்டத்தில் உள்ளவை. இரண்டு படிகள் எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலிலும் அனுப்பிவையுங்கள்.

சிறிய மருத்துவமனைகளில் கடிதத்தைவிடப் பேச்சுதான் கடினம். கணவன் மனைவியாக இரு மருத்துவர்கள் நடத்தும் இடத்தில், கேட்பவர் பல வேளைகளில் நமக்குப் பாடம் எடுத்தவராகவோ உறவினராகவோ இருப்பார். கோபி பக்கம் ஒரு மருத்துவமனையில் நான் அருகில் இருந்து கேட்ட பேச்சு இது. உரிமையாளரான மூத்த மருத்துவர், "ஏங்கண்ணு, நீ ஆறு மாசம் போயிட்டீன்னா நைட் டியூட்டிய யாரு பாக்கறது?" என்றார். இளையவர் பதறவில்லை. "நான் போறது ஆவணியிலைங்க மேடம், இப்ப வைகாசிதானுங்க. எங்க காலேஜ்ல ஹவுஸ் சர்ஜன்சி முடிச்ச பொண்ணு ஒருத்தி ஆறு மாசத்துக்கு வேலை தேடிட்டு இருக்கறா. இப்பவே பேசி வெச்சரலாங்க. ஆடியில ரெண்டு வாரம் நானே கூட இருந்து சொல்லிக் குடுத்தர்றனுங்க" என்றார். அன்றே முடிவாயிற்று. எல்லா இடத்திலும் இவ்வளவு எளிதாக முடியாது என்றாலும், மகப்பேறு என்பது மாதக் கணக்கில் முன்கூட்டியே தெரிந்த விடுப்பு என்பதை, விடுப்புக் கேட்கும் மருத்துவர் நினைவில் வைத்துக்கொண்டு பேசினால் பாதி வேலை முடிந்துவிடும். மாற்று மருத்துவரை அமர்த்துவது மருத்துவமனையின் கடமை. அமர்த்தாமல் அந்த இரவுப் பணிகளையெல்லாம் உடன் பணிபுரிபவர்கள் தலையில் ஏற்றிவிட்டால், அவர்களது கோபம் நிர்வாகத்தின் மேல் போகாமல் திரும்பி வரும் தாயின் மேல்தான் விழும். நிர்வாகத்தினர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

விடுப்பை எந்த நாளில் தொடங்குவது

இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். 26 வாரத்தில் எட்டு வாரத்தைப் பிரசவத்திற்கு முன்பே எடுத்துவிட்டால், பின்னால் மிஞ்சுவது 18 வாரம். அதாவது குழந்தைக்கு நான்கு மாதம் கடந்த சில நாள்களில் நீங்கள் வார்டில் நிற்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஆறு மாதத் தனித் தாய்ப்பாலுக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கும். முன்னால் இரண்டு வாரம் மட்டும் எடுத்தால் பின்னால் 24 வாரம் கிடைக்கும். சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்பு இரண்டு வாரம் இருந்தால் ஆறு மாதம் நிறைவாகிவிடும். இரத்த அழுத்தம், குறைமாத வலி, நஞ்சுக்கொடி கீழிறங்கியிருத்தல் போன்றவை இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவே வேண்டாம், உடல் கேட்கும் நாளில் விடுப்பில் போய்விடுங்கள். நலமாக இருப்பவர்கள், மேலே சொன்ன கடினப் பணி விலக்கைப் பயன்படுத்தி முன்விடுப்பைக் குறைத்துக்கொண்டு, பின்விடுப்பை நீட்டிக்கொள்வது குழந்தைக்கு நல்லது.

விடுப்பு முடிந்த பின், வேலையின் தன்மை இடம் கொடுத்தால் வீட்டிலிருந்து பணியாற்ற இருவரும் பேசி ஒப்புக்கொள்ளலாம் என்றும் சட்டம் சொல்கிறது. தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் 2020 மார்ச் முதல் இருப்பதால், மறுபரிசோதனை ஆலோசனைகள், டிஸ்சார்ஜ் குறிப்புகள், காப்பீட்டு ஆவணங்கள், வகுப்புத் தயாரிப்பு ஆகியவற்றை முதல் மாதத்தில் வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து செய்யக் கேட்பதில் தவறில்லை.

வீட்டில் செய்ய வேண்டிய ஆயத்தம்

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதால், குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் அம்மிச்சியாக, அதாவது தாய்வழிப் பாட்டியாக இருப்பார். திரும்பும் நாளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே பாலைப் பீய்ச்சிப் பழகுங்கள். குழந்தையும் அம்மிச்சியும் சங்கிலோ பாலாடையிலோ பழகட்டும். புட்டியும் ரப்பர் காம்பும் வேண்டாம். சுத்தம் செய்வது கடினம் என்பதோடு, மார்பில் குடிக்கும் பழக்கமும் சில குழந்தைகளுக்குக் குலைந்துவிடுகிறது. தாய் தாமே ஊட்ட முயன்றால் குழந்தை சங்கை மறுத்து மார்பைத் தேடும் என்பதால், பழக்கும் நேரத்தில் தாய் அடுத்த அறையில் இருப்பது நல்லது.

ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரையான குழந்தைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 750 மில்லி அளவில் பால் தேவைப்படும் என்ற கணக்கில், நீங்கள் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ஏறக்குறைய 30 மில்லி வைத்துவிட்டுப் போனால் போதும். ஒன்பது மணி நேரத்திற்கு 270 மில்லி. ஃப்ரீஸர் நிறையச் சேர்த்து வைக்க வேண்டியதில்லை, முதல் இரண்டு நாளுக்குரியது இருந்தால் போதும். அதன் பின் இன்று பீய்ச்சியது நாளைக்கு என்று ஓடும்.

பீய்ச்சிய பாலை 25 டிகிரி வரையிலான அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம், குளிர்பெட்டியில் நான்கு நாள், ஃப்ரீஸரில் ஆறு மாதம் வரை வைக்கலாம். ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது அறை வெப்பக் கணக்கை மறந்துவிட்டு, பீய்ச்சியவுடனேயே குளிரில் வைத்துவிடுங்கள். உறைந்த ஐஸ் பேக்குகளுடன் கூடிய காப்புப் பெட்டியில் 24 மணி நேரம் தாங்கும். உறைபாலைக் குளிர்பெட்டியில் இளகவைத்தால் 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும், மீண்டும் உறையவைக்கக் கூடாது. வெந்நீரில் பாத்திரத்தை நிறுத்திச் சூடேற்றுங்கள், மைக்ரோவேவ் வேண்டாம். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்திற்குப் பின் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்திலும் தேதியும் நேரமும் எழுதுங்கள். இவற்றைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தால் அம்மிச்சிக்கு உதவியாக இருக்கும்.

டியூட்டி முடித்து வியர்வையோடு வரும் மகளிடம், "அலஞ்ச சூட்டோட பால் குடுக்காத சாமி, கொஞ்சம் பீச்சிக் கீழ விட்டுட்டுக் குடு" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. மார்பில் இருக்கும் பால் சூட்டால் கெடுவதில்லை, எதையும் கொட்ட வேண்டியதில்லை. மருத்துவமனைக் கிருமிகளை நினைத்துக் கைகால் கழுவி உடை மாற்றி, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள். பெரியவர்களின் கவலைக்கும் அதிலேயே மரியாதை செய்ததாகிவிடும்.

மருத்துவமனையில் இடமும் நேரமும்

தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களில் 2015-ஆம் ஆண்டிலேயே பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. தாய்ப்பாலை ஊருக்கெல்லாம் வலியுறுத்தும் மருத்துவமனைகளில் பல, தம் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் அப்படி ஓர் அறையை இன்னும் ஒதுக்கவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கழிவறையும், கதவு ஆடிக்கொண்டிருக்கும் இன்ஜெக்‌ஷன் அறையும் இதற்கு உரிய இடங்கள் அல்ல. உள்ளிருந்து தாழிடக்கூடிய கதவு, சாய்ந்து உட்காரும் நாற்காலி, ஒரு சிறு மேசை, கைக்கெட்டும் உயரத்தில் பிளக், கை கழுவும் தொட்டி, சிறிய குளிர்பெட்டி இருந்தால் போதும். நான் பார்த்ததில் நன்றாக நடந்த அறை ஒன்று, லேபர் வார்டுக்குப் பின்னால் பழைய கேஸ் ஷீட்டுகள் அடுக்கியிருந்த எட்டுக்குப் பத்தடி அறைதான். இரும்பு அலமாரிகளை வெளியேற்றி, சன்னலுக்குப் படுதா போட்டு, கதவில் "உள்ளே ஆள் உள்ளது" என்று திருப்பி மாட்டும் பலகை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். செலவின் பெரும்பகுதி குளிர்பெட்டிக்குத்தான் ஆயிற்று. மருத்துவர்களுக்காகத் தொடங்கிய அறையைப் பின்னர் செவிலியர்களும் பில்லிங் கவுன்டர்ப் பெண்களும் பயன்படுத்தினார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசிக்கான ஐ.எல்.ஆர். பெட்டியில் எதற்காகவும் பாலை வைக்காதீர்கள், அதில் தடுப்பூசி தவிர வேறெதற்கும் இடமில்லை. லேப் மாதிரிகள் வைக்கும் குளிர்பெட்டியும் கூடாது. உங்கள் சொந்தக் காப்புப் பெட்டியே போதுமானது.

பாலின் சுரப்பு, மார்பு காலியாகும் தடவைகளைப் பொறுத்தது. நிறைந்த மார்பு சுரப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். மூன்று மணி நேரத்திற்கு ஒரு முறை, இருபுறமும் சேர்த்து எடுக்கும் மின் பம்பில் பதினைந்து இருபது நிமிடம் என்பது நடைமுறை அளவு. கையால் பீய்ச்சும் முறையையும் கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள், மின்சாரம் போன நாளில் அதுதான் கைகொடுக்கும். பம்பின் பாகங்களை ஒவ்வொரு முறையும் சோப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும், நாளுக்கு ஒரு முறை கொதிநீரில் இட வேண்டும்.

நேரத்தை ஒதுக்குவதில்தான் மருத்துவர்கள் தோற்றுப்போகிறார்கள். கொஞ்சம் கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்தால் கூட்டம் குறையவே குறையாது. ரோஸ்டரிலேயே காலை 10.30 முதல் 10.50 வரை, பிற்பகல் 2.00 முதல் 2.20 வரை என்று அச்சிட்டு, அந்த நேரத்தில் அழைப்பை ஏற்கும் மருத்துவரின் பெயரையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஓ.பி. டோக்கனிலும் அந்த நேரத்திற்கு எண் கொடுக்காமல் விடச் சொல்லலாம். அறுவை மருத்துவர் பட்டியலின் முதல் அறுவைக்குக் கை கழுவும் முன் ஒரு முறையும், இரண்டு அறுவைகளுக்கு இடையில் அரங்கைச் சுத்தம் செய்யும் நேரத்தில் ஒரு முறையும் பீய்ச்சிக்கொள்ளலாம். நான்கு மணி நேரத்தைத் தாண்டும் அறுவை என்றால், இடையில் பொறுப்பேற்க இன்னொருவர் இருப்பதை முதல் நாளே மயக்க மருத்துவரிடமும் உதவி அறுவை மருத்துவரிடமும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கேஷுவாலிட்டியிலும் ஐ.சி.யூ.விலும் டியூட்டி மாறும் நேரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்வது எளிது. இரவுப் பணியில் ஒரு முறையாவது பீய்ச்சாமல் விடிய விடாதீர்கள். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். முதல் இரண்டு மாதத்திற்கு இரவுப் பணி விலக்குக் கேட்டுப் பெற முடிந்தால் இன்னும் நல்லது.

தொடர்ந்து இரண்டு முறை தவறினால் பால் கட்டி வலிக்கும், அடுத்து காய்ச்சலோடு மார்பழற்சி வரும். அப்போதும் பீய்ச்சுவதையோ ஊட்டுவதையோ நிறுத்தக் கூடாது என்பதை நோயாளிக்குச் சொல்பவர்களே தமக்கு என்று வரும்போது மறந்துவிடுகிறார்கள். பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு ரவுண்டு போகாமல், ஒரு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் இன்னொரு மருத்துவரிடம் நோயாளியாகப் போய் உட்காருங்கள். தூக்கமில்லாமலும் குற்ற உணர்விலும் நாள்கள் போகின்றன, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அதையும் மறைக்காதீர்கள். பிரசவத்திற்குப் பின்வரும் மனச்சோர்வு மருத்துவர்களை விட்டுவைப்பதில்லை.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் மருத்துவமனையில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம். நூற்பாலைகளுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் வழியாக இந்த ஏற்பாடு எப்போதோ தெரிந்த ஒன்று. அதே ஊர்களின் மருத்துவமனைகளுக்கு இது புதுமையாகத் தோன்ற வேண்டியதில்லை.

தந்தைக்கு

தனியார் துறையில் தந்தையர் விடுப்புக்குச் சட்டம் இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. கணவரும் மருத்துவர் என்றால், அவருடைய ஈட்டிய விடுப்பைப் பிரசவ வாரத்திலேயே செலவழித்துவிடாமல், மனைவி பணிக்குத் திரும்பும் வாரத்திற்கு ஒரு பகுதியை எடுத்து வையுங்கள். பிரசவ வாரத்தில் அம்மிச்சி, அப்புச்சி, அத்தை என்று வீடு நிறைய ஆள் இருப்பார்கள். திரும்பும் வாரத்தில்தான் ஆள் தேவை.

மறுக்கப்பட்டால்

விடுப்பில் இருக்கும்போது பணிநீக்கம் செய்வதும், பணி நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றுவதும் சட்டப்படி குற்றம். வாய்மொழியாகச் சொன்னால், "தாங்கள் இன்று தொலைபேசியில் கூறியபடி" என்று தொடங்கி அதே நாளில் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள், அது பதிவாகிவிடும். தாமாகவே ராஜினாமா எழுதித் தரச் சொன்னால் எழுதாதீர்கள். பணிநீக்க ஆணை கைக்கு வந்த 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்பதால், குழந்தை கொஞ்சம் வளரட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது. முதல் மனு மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுக்க வேண்டியது. நியமன ஆணை, கடைசி மூன்று மாதச் சம்பள விவரம், வருகைப் பதிவு, முத்திரையிட்ட விடுப்புக் கடிதம், பிரசவச் சான்று ஆகிய ஐந்தும் கையில் இருந்தால் விசாரணை விரைவாக நகரும். வழக்கறிஞர் தேவைப்பட்டால், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பாராமல் எந்தப் பெண்ணுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர், சேலம் நீதிமன்ற வளாகங்களில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், கைக்குழந்தையோடு போக முடியாதவர்கள் சார்பில் வீட்டார் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.